விட்டுவைத்த மீன் யாருக்குச் சேரும்?

(மீனவர் கூட்டுறவும் நீர்வளக் காப்பும் குறித்து வேங்கிக்காலில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)

மீன்வளத்தைக் காப்பதற்காக எழுதப்பட்ட சட்டங்களும் அரசாணைகளும் பெரும்பாலும் 'கூடாது' என்றே முடிகின்றன. இந்த மாதத்தில் கடலுக்குப் போகக் கூடாது, இந்த அளவுக்குக் குறைந்த கண்ணுடைய வலையை இறக்கக் கூடாது, வெடி வைக்கக் கூடாது, நஞ்சு கலக்கக் கூடாது என்று அவை அடுக்கிச் செல்கின்றன. வெடியையும் நஞ்சையும் தடுத்த இந்திய மீன்வளச் சட்டம் 1897ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதன் பிறகு ஒன்றேகால் நூற்றாண்டு கடந்தும் ஆறுகளிலும் அணைகளிலும் தோட்டா வெடிப்பது அடியோடு ஓய்ந்துவிடவில்லை. தடைக்குக் கட்டுப்பட்டு வலையைச் சுருட்டி வைக்கும் மீனவருக்கு அந்தக் கட்டுப்பாட்டால் என்ன கிடைக்கிறது என்ற கேள்விக்கு விடை சொல்லாத எந்த ஏற்பாடும் நீடிப்பதில்லை. அவர் விட்டுவைத்த மீன் வளர்ந்து பெருத்து மீண்டும் அவர் வலைக்கே வரும் என்ற உறுதி இருந்தால், அரசு காவலரை அமர்த்தாவிட்டாலும் அவரே காவலராக நிற்பார். மறுநாளே வேறொருவர் வந்து அதை அள்ளிக்கொண்டு போவார் என்றால், குஞ்சு மீனையும் விடாமல் பிடிப்பதுதான் அவருக்கு அறிவான செயலாகத் தோன்றும்.

இந்த இடர்ப்பாட்டைப் பொருளியல் மொழியில் முதலில் தெளிவாக எடுத்துக்காட்டியவர் ஸ்காட் கார்டன் என்னும் கனடா நாட்டு அறிஞர். யாருக்கும் உரிமை இல்லாத நீர்ப்பரப்பில், மீன்பிடிப்பதால் வரும் ஆதாயம் முழுவதும் கரைந்துபோகும் வரை புதிது புதிதாகப் படகுகள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும் என்பதை 1954இல் அவர் எழுதிய கட்டுரை விளக்கியது. 1968இல் காரெட் ஹார்டின் பொதுவளங்கள் அனைத்துக்கும் இதே கதிதான் என்று எழுதி, அரசு அல்லது தனிச்சொத்து என்ற இரண்டு வழிகளை மட்டுமே காட்டினார். பொதுவளம் என்பது பலரும் பயன்படுத்துவதும், ஒருவர் எடுத்தால் மற்றவருக்குக் குறைவதும், யாரையும் எளிதில் விலக்க முடியாததுமான வளம். ஏரி மீனும் மேய்ச்சல் புறம்போக்கும் நிலத்தடி நீரும் அவ்வகையைச் சேர்ந்தவை. ஹார்டினுக்கு மறுமொழியாக 1990இல் நூல் எழுதி, 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், மூன்றாவது வழி ஒன்று உலகெங்கும் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது என்பதைச் சான்றுகளோடு நிறுவினார். தங்களுக்குள் எல்லை வகுத்து, விதி செய்து, மீறியவரைத் தாங்களே தண்டித்து, பலனையும் தாங்களே பகிர்ந்துகொள்ளும் குழுக்கள்தாம் அந்த மூன்றாவது வழி. துருக்கியின் அலான்யா கடற்கரை மீனவர்கள் சீட்டுக் குலுக்கி வலையிடும் இடங்களைப் பிரித்துக்கொள்வதை அவர் எடுத்துக்காட்டாகக் கூறினார். அதே முறையைக் காணத் தமிழர் துருக்கிக்குப் போக வேண்டியதில்லை. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் அது பல தலைமுறைகளாக இருந்துவருகிறது.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு, ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் பரந்து கிடக்கிறது. ஏரியும் கடலும் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய நீர்வழிகளில்தான் இறால் மிகுதியாகக் கிடைக்கும் என்பதால், அந்தச் சில இடங்களுக்கே எல்லோரும் போட்டியிட வேண்டிய நிலை அங்கு இயல்பாகவே உண்டு. கழிகளை நட்டு நீரோட்டத்துக்குக் குறுக்கே கட்டப்படும் சுத்துவலையில், நீர் வடியும்போது ஓட்டத்தோடு இறங்கும் இறால் வந்து அடையும். வலை கட்ட ஏற்ற இடங்கள் குறைவு. கட்ட விரும்புவோர் அதிகம். ஆகவே மீனவக் குப்பங்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குப்பத்துக்குள்ளும் சீட்டுப் போட்டு, இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை கட்டலாம் என்று வகுத்துக்கொண்டன. இதுவே பாடு முறை. ஊரில் தலைக்கட்டாக, அதாவது வரி கொடுக்கும் குடும்பத் தலைவராகப் பதிவு பெற்றவருக்கே பாட்டில் பங்கு உண்டு. இன்று நல்ல இடம் கிடைத்தவர் நாளை எளிய இடத்துக்குப் போவார். முறை மீறி வலை கட்டியவரை ஊர்ப் பஞ்சாயத்து விசாரித்துத் தண்டம் விதிக்கும்.

பாடு முறையின் நுட்பம் நேர்மையான பங்கீட்டோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு நாளில் எத்தனை வலைகள் நீரில் நிற்கலாம் என்பதை அது தானாகவே வரையறுத்துவிடுவதால், வலைக்குத் தப்பிக் கடலுக்குப் போகும் இறாலின் அளவும் ஓரளவு காக்கப்படுகிறது. தன் முறை வரும் என்ற நம்பிக்கை இருப்பதால் இன்றே அனைத்தையும் வாரிவிட வேண்டும் என்ற பதைப்பு மீனவரிடம் தணிகிறது. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் கழிவலை மீனவர் சங்கங்கள் இதையொத்த சீட்டு முறையைக் கடைப்பிடித்துவருகின்றன; அங்கே அந்த மரபை அரசே ஏற்று 1958இல் ஒழுங்குவிதியாக அறிவித்தது. பழவேற்காட்டுக்கு அத்தகைய தெளிவான சட்டப் பாதுகாப்பு வாய்க்கவில்லை. பாடு முறையில் ஒரு குறையும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. மரபாக உரிமை பெற்ற குப்பங்களுக்கு வெளியே இருப்பவர்களுக்கும், பிழைப்புத் தேடி மீன்பிடிக்கு வந்த பிற சமூகத்தினருக்கும், பெண்களுக்கும் அதில் இடமில்லை. அவர்கள் பங்கு கேட்டபோதெல்லாம் ஏரியில் சச்சரவு எழுந்திருக்கிறது. காக்கும் உரிமை யாருக்கு என்று வகுக்கும்போதே, யார் வெளியே நிறுத்தப்படுகிறார் என்ற கேள்வியும் உடன் எழுகிறது. எந்தக் கூட்டுறவும் இதற்கு விடை சொல்லியே ஆக வேண்டும்.

கடலோரத்திலிருந்து வெகுதொலைவில், மலையடிவாரத்தில் இருக்கும் திருவண்ணாமலைக்கும் வேங்கிக்காலுக்கும் இந்தப் பேச்சு எதற்கு என்ற ஐயம் எழலாம். வேங்கிக்கால் ஓர் ஏரியைத் தன்னிடம் வைத்திருக்கும் ஊர். மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் இவ்வூரில்தான் இருக்கிறது. மாவட்டம் முழுவதும் பரவியிருக்கும் மானாவாரி ஏரிகளும், தென்பெண்ணையின் குறுக்கே 1958இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணையும் உழவருக்கு நீர் தருவதோடு மீனவருக்கும் வாழ்வு தருபவை. இவற்றில் மீன்பிடிக்கும் உரிமை 'மீன்பாசி குத்தகை' என்ற பெயரில் ஏலத்திலோ சங்கத்துக்கு ஒதுக்கீடாகவோ குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு விடப்படுகிறது. ஏரி மீனின் வருவாய் பழங்காலத்திலும் பேசப்பட்ட பொருளே. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் ஒரு வருவாய் இனமாக வருகிறது; அந்த வருவாயை ஏரியைத் தூர்வாரவும் கரையைப் பலப்படுத்தவும் விட்டுக்கொடுத்த செய்திகளும் கல்வெட்டுகளில் உண்டு. மீனால் வந்த பணம் மீன் வாழும் நீருக்கே திரும்பியது என்பது கருத்தில் கொள்ளத்தக்க ஏற்பாடு. இன்றைய குத்தகைப் பணம் அரசுக் கணக்கிலோ ஊராட்சிக் கணக்கிலோ சேர்ந்த பிறகு, அதே ஏரியின் மதகுக்கோ வரத்துக் கால்வாய்க்கோ எவ்வளவு திரும்புகிறது என்பதைக் குத்தகை எடுத்தவர் அறிய வழியில்லை.

குத்தகைதாரரின் கணக்கை அவர் இடத்திலிருந்து போட்டுப் பார்ப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் அவர் கட்லா, ரோகு, மிர்கால் விரலிகளை, அதாவது விரல் நீளம் வளர்ந்த மீன் குஞ்சுகளை வாங்கி விடுகிறார். நீரும் தீனியும் நன்றாக இருந்தால் கட்லா ஓராண்டில் ஒரு கிலோ அளவுக்கு வளரக்கூடியது. ஆனால் கோடையில் பாசனத்துக்கு மதகு திறந்து நீர் வற்றத் தொடங்கியதும், வளர்ந்ததோ வளராததோ, பிடித்துத் தீர்க்க வேண்டிய நெருக்கடி வந்துவிடுகிறது. வற்றாத ஏரியானாலும் குத்தகையின் கடைசி ஆண்டில் அவர் ஒரு மீனையும் விட்டுவைக்க மாட்டார். அடுத்த ஏலம் யாருக்குப் போகும் என்பது தெரியாதபோது, விட்டுவைத்தது எல்லாம் அடுத்தவருக்குக் கொடுத்த பரிசாகிவிடும். அவர் பேராசைக்காரர் என்பதால் இப்படி நடப்பதில்லை. குத்தகைச் சீட்டில் எழுதப்பட்ட காலக்கெடு அவரை இப்படி நடக்க வைக்கிறது. வளர்ப்பு மீனுக்காவது அடுத்த ஆண்டு குஞ்சு வாங்கிக்கொள்ளலாம். விரால், கெளுத்தி, குரவை, ஆரால், அயிரை போன்ற நாட்டு மீன்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அவை ஏரியிலேயே முட்டையிட்டுப் பெருக வேண்டியவை. கடைசி ஆண்டு அரித்தெடுப்பில் தாய் மீன்களும் போய்விட்டால், அவற்றை மீண்டும் கொண்டுவந்து விடுவார் எவருமில்லை. அயிரைக் குழம்பின் அருமை தெரிந்த ஊர்களிலேயே அயிரை அரிதாகிவருவதற்குப் பூச்சிமருந்தும் வறட்சியும் மட்டும் காரணமல்ல.

புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரை மாவட்டக் கண்மாய்களில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவை இதற்கு எதிராக வைத்துப் பார்க்கலாம். அங்கே பல ஊர்களில் ஆண்டு முழுவதும் கண்மாயில் யாரும் கைவைக்காமல் காத்து, நீர் வற்றியதும் ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசி அனுமதி தந்த பிறகு, ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக மக்கள் ஒரே நேரத்தில் இறங்கிப் பிடிக்கிறார்கள். அந்த மீன் விற்பனைக்குப் போவதில்லை. வீட்டுக் குழம்புக்கும் உறவினருக்கும் போகிறது. அந்த முறையை அப்படியே எல்லா ஏரிக்கும் கொண்டுவர முடியாது என்றாலும், காத்தவர் கைக்கே பலன் வரும் என்பது உறுதியானால் ஓர் ஊர் முழுவதும் கட்டுப்பாடு காக்கும் என்பதற்கு அது கண்முன் நிற்கும் சான்று.

அடுத்து விலையைப் பற்றிப் பேச வேண்டும். மீன்பிடிக்கும் உரிமை மீனவரிடம் இருந்தாலும், பிடித்த மீனை விற்கும் உரிமை கடன் கொடுத்தவரிடம் இருந்தால் கட்டுப்பாட்டின் பலன் மீனவரைச் சேராது. வலைக்கும் என்ஜினுக்கும் முன்பணம் தந்த வியாபாரி, அந்தக் கடன் தீரும் வரை மீனைத் தானே ஏலம் விடுவார் அல்லது தான் சொன்ன விலைக்கு எடுப்பார். அவ்வாறு கட்டுண்ட மீனவர் ஒரு நாள் கடலுக்குப் போகாமல் இருந்தாலும் வட்டி நிற்காது என்பதால், மீன் முட்டையிடும் பருவமாயினும் அவர் போய்த்தான் ஆக வேண்டும். குமரி மாவட்டத்திலும் தென்கேரளத்திலும் 1970களில் கடற்கரைதோறும் உருவாகி, 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக இணைந்த கிராமச் சங்கங்கள் இந்த முடிச்சைத்தான் முதலில் அவிழ்த்தன. படகு வைத்துத் தாமே கடலுக்குப் போகிறவர்கள் மட்டுமே உறுப்பினர். கரையில் மீனை ஏலம் விடுபவர் சங்கத்தின் ஊழியர். ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு சிறு பகுதி கடனுக்கும் ஒரு பகுதி உறுப்பினரின் சேமிப்புக்கும் பிடிக்கப்படும். முதல் விற்பனை, அதாவது படகிலிருந்து இறங்கிய மீன் முதன்முதலாகக் கைமாறும் இடம், மீனவரின் கட்டுப்பாட்டுக்குள் வந்ததே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. கடனிலிருந்து மீள்வதற்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடு நீர்வளக் காப்புக்கும் பெருந்துணையாக முடியும். எந்த மீன் எவ்வளவு இறங்கியது என்ற கணக்கு சங்கத்தின் பதிவேட்டில் இருக்கும். குஞ்சு மீனைச் சங்கம் ஏலத்தில் ஏற்க மறுத்தால், அதைப் பிடிப்பதால் பயனில்லை என்ற நிலை உருவாகும். கேரள அரசு 2017இல் 58 வகை மீன்களுக்குக் குறைந்தபட்சப் பிடிப்பு அளவை அறிவித்தது. அத்தகைய விதியை ஒவ்வொரு படகையும் நடுக்கடலில் மறித்து நிறைவேற்றுவதைவிட ஏலக் கரையில் நிறைவேற்றுவது எளிது.

கட்டுப்பாட்டுக்கு உலகச் சந்தை மதிப்பளித்த நிகழ்வாகக் கொல்லத்தின் அஷ்டமுடிக் காயலைச் சொல்ல வேண்டும். அங்கே கிடைக்கும் சிறுமட்டிக்கு வியட்நாம், தாய்லாந்து, மலேசியா ஆகிய நாடுகளில் தேவை பெருகியதால் அறுவடை 1991இல் ஆண்டுக்கு 10,000 டன்னை எட்டியது. 1993இல் அது பாதியாகச் சரிந்தது. அதே ஆண்டில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவுரையோடு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டி எடுப்பது நிறுத்தப்பட்டது. வலைக்கண் அளவு 30 மில்லிமீட்டர் என்றும், கிலோவுக்கு 1,400 எண்ணிக்கைக்கு மேல் வரும் சிறிய மட்டிச் சதையை ஏற்றுமதி செய்யலாகாது என்றும் விதி வந்தது. பத்தாண்டுகளுக்குள் அறுவடை பழைய அளவுக்கு மீண்டது. 2014 நவம்பரில், வளம் குன்றாத மீன்பிடிப்புக்கு உலக அளவில் வழங்கப்படும் கடல்சார் பொறுப்பாண்மை மன்றத்தின் சான்றிதழை இந்தியாவில் முதலாவதாக அந்தக் காயல் பெற்றது. மீனவர், ஏற்றுமதியாளர், ஆய்வாளர், அரசு அலுவலர் ஆகியோர் சேர்ந்த ஆட்சிமன்றம் ஒன்று அதன் பொறுப்பை ஏற்றது. இதில் கற்கத்தக்கது சான்றிதழ் அன்று. சான்றிதழ் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே மூன்று மாதம் கைகட்டி இருந்தவர்களுக்கு நான்காம் மாதத்தில் பெரிய மட்டி கிடைத்தது. அந்தப் பலன்தான் விதியைக் காத்தது. மட்டி ஓடிப் போகாத உயிர். அதனால் விட்டுவைத்தது விட்டுவைத்தவர் கைக்கே வந்தது.

இதற்கு நேர்மாறான நிலை மன்னார் வளைகுடாவில் காணப்படுகிறது. இராமநாதபுரம் மாவட்டக் கரையில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்கி, பாறைகளில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையாலேயே பறிக்கிறார்கள். உலோகக் கருவி கொண்டு சுரண்டினால் பாசியின் அடியும் பெயர்ந்துவிடும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்தவர்கள். மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே எடுப்பது என்றும், மீன்பிடித் தடைக்காலத்தில் பாசிக்கும் ஓய்வு தருவது என்றும் அவர்கள் தாங்களே முடிவு செய்து கடைப்பிடித்தனர். பாம்பன் அருகே சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி, இந்தப் பெண்களின் தலைவியாக 2015இல் சீக்காலஜி என்னும் அமெரிக்க அமைப்பின் விருதைப் பெற்றார். விருது வந்தது, உரிமை வரவில்லை. பாசி வளரும் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்கா என்பதால், தலைமுறைகளாக அங்கே உழைத்த பெண்கள் சட்டத்தின் பார்வையில் அத்துமீறுவோராகிவிட்டனர். விலையை வியாபாரி தீர்மானிக்கிறார். இவ்வளவு சிறந்த சுயகட்டுப்பாட்டுக்கு நாடு திருப்பிக் கொடுத்தது மிகக் குறைவு என்பதைச் சொல்லாமல் விட முடியாது. உரிமையின்றி வரும் விருது ஒருவருக்குப் பெருமை. சட்டம் ஏற்ற உரிமையோ அந்தக் கரை முழுவதற்கும் சோறு.

அரசு மீனவருக்குத் தரும் பணத்தையும் இந்த நோக்கில் பிரித்தறிய வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்தக் காலத்துக்குத் தமிழ்நாடு அரசு மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் வழங்குகிறது. சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் செலுத்தினால் அரசின் பங்காக 3,000 ரூபாய் சேர்ந்து 4,500 ரூபாயாகத் திரும்பக் கிடைக்கிறது. இவை தேவையானவை, இரண்டு மாத வருமானத்துக்கு இவை ஈடாவதில்லை என்ற மீனவர் குரலும் நியாயமானதே. ஆனால் இவை நிவாரணம், அதாவது இழப்புக்குத் தரும் ஈடு. விதியைக் காத்தவருக்கும், சுருக்குமடி வலையோ இரட்டைமடி வலையோ கொண்டு விதியை மீறியவருக்கும் ஒரே தொகைதான் கிடைக்கிறது. நன்னடத்தையோடு பணத்தை இணைத்த ஒரு முயற்சி குஜராத் கரையில் நடந்தது. 2001இல் திமிங்கலச் சுறா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதன் பின்னர், வலையில் சிக்கிய சுறாவை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவருக்கு வலையின் விலையை வனத்துறை தரத் தொடங்கியது. முன்பு அதையே வேட்டையாடியவர்கள் நூற்றுக்கணக்கான சுறாக்களைக் கடலுக்குத் திருப்பி அனுப்பினர். விடுவித்ததற்கான படத்தை அவர்களே எடுத்துக் காட்டும் முறையும் பின்னர் வந்தது. 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கான காப்பகமாக அறிவிக்கப்பட்ட தமிழ்நாட்டிலும், வலையில் சிக்கிய ஆவுளியாவை விடுவித்த மீனவர்களை வனத்துறை பாராட்டிப் பணம் அளித்திருக்கிறது. அரிய உயிர் ஒன்றைக் காக்க இது போதும். ஆண்டு முழுவதும் பிடிக்கும் மீனைக் காப்பதற்கு இது போதாது. ஒவ்வொரு மீனுக்கும் அரசு பணம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. அந்த வெகுமதி நீரிலிருந்தே வர வேண்டும்.

ஜப்பானில் சுருகா வளைகுடாவின் சகுரா எபி என்னும் சிறு இறால் மீனவர்கள் இதை நெடுங்காலமாகச் செய்துகாட்டிவருகிறார்கள். 1948ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் மீன்பிடிச் சட்டமும் கரையோர உரிமையை உள்ளூர்ச் சங்கங்களின் கையில் கொடுத்த நாடு அது. அங்கே 120 படகுகளின் விற்பனைத் தொகையும் 1970களின் பிற்பகுதியிலிருந்து ஒரே கணக்கில் சேர்க்கப்பட்டுப் பங்கிடப்படுகிறது. அடுத்த படகைவிட முந்த வேண்டும் என்ற போட்டி அதனால் அற்றுப்போனது. இன்றிரவு போவதா, எவ்வளவு பிடிப்பது என்பதைத் தலைவர்கள் கூடித் தீர்மானிக்க முடிந்தது. இறால் குன்றிய 2018இல் அவர்கள் இலையுதிர் காலப் பருவத்தையே நிறுத்தினார்கள். வளம் குன்றாமல் காக்கக் கூட்டுப் பங்கீட்டாலும் எப்போதும் முடிவதில்லை என்பதும், குன்றியபோது ஒருவர் பாக்கியில்லாமல் நிறுத்த அதனால் முடிந்தது என்பதும் இந்த நிகழ்வில் ஒருங்கே தெரிகின்றன.

சாத்தனூர் போன்ற அணைகளுக்கு மிக நெருங்கிய முன்மாதிரி மத்தியப் பிரதேசத்தின் தாவா நீர்த்தேக்கம். அந்த அணையால் 44 ஊர்கள் இடம்பெயர்ந்தன. தங்கள் நிலத்தை மூழ்கடித்த நீரிலேயே மீன்பிடிக்கும் உரிமை ஒப்பந்தக்காரர்களுக்குப் போனதை எதிர்த்துப் போராடிய பழங்குடி மக்கள், தாவா மத்ஸ்ய சங்கம் என்ற கூட்டுறவை அமைத்து 1996 டிசம்பரில் ஐந்தாண்டுக் குத்தகையைப் பெற்றனர். அவர்களே குஞ்சு விட்டனர். மீன் முட்டையிடும் மழைக்காலத்தில் தடை காத்தனர். திருட்டுப் பிடிப்பைத் தடுக்கப் படகில் சுற்றிவந்தனர். மீனை ஒன்றாகத் திரட்டித் தொலைநகரங்களுக்கு அனுப்பி விற்றனர். உற்பத்தியும் மீனவர் வருமானமும் முந்தைய ஆண்டுகளைவிட உயர்ந்தன. 2001இல் குத்தகை புதுப்பிக்கப்பட்டது. 2006 டிசம்பரில், சாத்புரா புலிகள் காப்பகத்தின் காரணமாக, உரிமை அவர்கள் கையைவிட்டுப் போனது. பத்தாண்டு உழைப்பில் வளர்த்த மீன்வளம் ஓர் ஆணையில் பறிபோகக்கூடும் என்றால், வேறெந்த ஊரில் யார் காத்திருப்பார்? குத்தகையின் நீளத்தோடு அதன் உறுதியும் சேர்ந்துதான் வெகுமதியாகிறது.

தொழில்நுட்ப அளவில் செய்ய வேண்டியது என்ன என்பது தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டதுதான். கோவை மாவட்டத்தில் 650 எக்டேர் பரப்புள்ள ஆழியாறு நீர்த்தேக்கத்தில், எக்டேருக்கு 30 கிலோவுக்கும் குறைவாக இருந்த மீன் விளைச்சல், வளர்ந்த விரலிகளை விட்டதாலும் சிறுகண் வலையைத் தடுத்ததாலும் 194 கிலோ வரை உயர்ந்தது. சாத்தனூர் உட்படப் பல அணைகளின் மீன்வளத்தை 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம் நிர்வகித்துவந்திருக்கிறது. இந்திய நீர்த்தேக்கங்கள் பலவற்றில் மீனவர் பிடிகூலிக்கு, அதாவது பிடித்துக் கொடுக்கும் மீனுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு உழைப்பவர். அரைக்கிலோ கட்லாவுக்கும் இரண்டு கிலோ கட்லாவுக்கும் கிலோக்கூலி ஒன்றே என்றால், இன்றே அரைக்கிலோவாகப் பிடித்துவிடுவதுதான் அவருக்கு ஆதாயம். பெரிய மீனுக்குக் கிலோக்கூலியை உயர்த்திக் கொடுத்து, ஆண்டு முடிவில் விற்பனை லாபத்தில் சங்கத்துக்கு ஒரு பங்கும் கொடுத்தால், வலைக்கண்ணின் அளவை அதிகாரி வந்து அளக்க வேண்டிய தேவை பெருமளவு குறைந்துவிடும். வெள்ளத்தின் இழப்பையும் இதில் கணக்கிட வேண்டும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூரிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் நீர் திறக்கப்பட்டது. அத்தகைய ஆண்டில் நீரோடு வெளியேறும் மீனின் இழப்பு முழுவதையும் ஒரு சிறு சங்கத்தின் தலையில் கட்டுவது முறையன்று.

கூட்டுறவு என்ற பெயர் இருந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவதற்கு இடமில்லை. ஏரிக் குத்தகையில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை உண்டு என்ற விதியைப் பயன்படுத்தி, முதல் போடும் வியாபாரி சங்கத்தின் பெயரில் பினாமியாக ஏரியை எடுத்து, உறுப்பினரைக் கூலியாளாக்கும் நடைமுறை பல இடங்களில் பேசப்படும் உண்மை. அங்கே விட்டுவைத்த மீன் சங்கத்துக்கும் சேராது. குமரிச் சங்கங்கள் உறுப்பினர் தகுதியில் காட்டிய கண்டிப்பு, அதாவது தானே வலை பிடிப்பவரே உறுப்பினர் என்பது, உள்நாட்டுச் சங்கங்களுக்கு இன்னும் தேவையாக இருக்கிறது. தலையில் கூடை சுமந்து மீன் விற்கும் பெண்களும் உறுப்பினராக வேண்டும். விலையின் ஏற்றத்தாழ்வை அவர்களைவிட நன்கு அறிந்தவர் சங்கத்தில் எவருமில்லை. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2014இல் ஏற்ற சிறுமீன்பிடித் தொழிலுக்கான வழிகாட்டு நெறிகள், மீனவரின் உரிமைப்பேற்றையும் பெண்களின் இடத்தையும் ஒருசேர வலியுறுத்துகின்றன. அந்த நெறிகள், சென்னையிலிருந்து மீனவருக்காக உழைத்து, அதே ஆண்டு மலேசிய விமானத்தோடு மறைந்துபோன சந்திரிகா சர்மாவின் நினைவுக்கு உரித்தாக்கப்பட்டவை. தமிழ்நாட்டு மண்ணில் பணியாற்றிய ஒருவரின் பெயரைத் தாங்கிய நெறிகள் தமிழ்நாட்டு ஏரிகளில் இன்னும் போதிய அளவு நடைமுறைக்கு வராதது வருத்தத்துக்குரியது.

மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்திருக்கும் இந்த வேங்கிக்காலில் அடுத்த மீன்பாசிக் குத்தகை பற்றிய கோப்பு எடுக்கப்படும்போது, அலுவலரும் ஏரிப் பாசன உழவரும் மீனவர் சங்கத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து சிலவற்றைச் சேர்த்து எழுத வேண்டும் என்பதே இந்த உரையின் வேண்டுகோள். வற்றாத ஏரிகளையாவது பத்தாண்டுக்குக் குறையாமல், தாமே மீன்பிடிக்கும் உறுப்பினர்களைக் கொண்ட சங்கத்துக்குக் கொடுக்கட்டும். கடைசி ஆண்டில் தாய் மீனை விட்டுவைத்த சங்கத்துக்கே அடுத்த குத்தகையில் முதல் உரிமை உண்டு என்று எழுதட்டும். கோடையில் மதகை மூடும் மட்டத்தை உழவரும் மீனவரும் சேர்ந்து முடிவு செய்து, நாட்டு மீன் உயிர் தங்க ஒரு மடுவையாவது நீரோடு விட்டுவைக்கட்டும். குத்தகைப் பணத்தில் ஒரு பங்கு அதே ஏரியின் கரைக்கும் கால்வாய்க்கும் திரும்பட்டும். இவற்றுள் எதற்கும் பெருநிதி தேவையில்லை. குத்தகை நிபந்தனைத் தாளில் நான்கு வரி கூடுதலாக எழுதினால் போதும். அந்த நான்கு வரிகளை எழுதும்படி கேட்கும் கடமை இந்த மாவட்டத்தின் ஒவ்வொரு ஏரிக்கரை ஊருக்கும் உண்டு.